மேரியட் கோல்டு கார்டுல லேட் செக்கவுட் நம்பலாமா? பெங்களூரு போறேன்

மக்களே, நமக்கு ஊரு மார்த்தாண்டம், கம்பெனி வேலைன்னு அலைஞ்சு போன வருஷம் மேரியட் ஹோட்டல்ல 27 நைட் ஆச்சு, அவங்க மெம்பர்ஷிப் திட்டம் மேரியட் பான்வாய்ல கோல்டு லெவல் வந்துட்டு. அடுத்த மாசம் அம்மாவையும் கூட்டிட்டு பெங்களூரு போறேன், ரெண்டு நைட், ஆப்லயே நேரா புக் பண்ணியாச்சு (வேற சைட்ல போட்டா பாயிண்டும் நைட்டும் ஏறாதே). திரும்புற ரயில் சாயந்திரம்தான், ரூம் 12 மணிக்கு காலி பண்ணணும். அம்மாவுக்கு முட்டுவலி, தைல பாட்டில கையில வச்சுக்கிட்டு லாபில அஞ்சு மணிநேரம் எப்படி இருப்பாங்க?

கோல்டுக்கு 2 மணி வரை செக்கவுட், ஆனா ரூம் காலி இருந்தாதான்னு போட்டிருக்கு. ரூம் அப்கிரேடுக்கும் அதே கதைதான். 25% கூடுதல் பாயிண்ட் மட்டும் உறுதி, அத வச்சு முட்டுவலி போவுமா! காலை சாப்பாடும் 4 மணி செக்கவுட்டும் 50 நைட் தங்கினா வர்ற மேல் லெவல் பிளாட்டினத்துக்குத்தானாம். ஆப் சாட்ல கேட்டாச்சு, ஹோட்டலுக்கும் போன் போட்டாச்சு, ரெண்டு பேரும் அன்னைக்கு காலைலதான் சொல்ல முடியும்ங்கறாங்க.

கோல்டு வச்சிருக்கவங்க யாராவது 2 மணி செக்கவுட்ட முன்கூட்டியே உறுதி பண்ணி வாங்கியிருக்கீங்களா, எப்படி?