மனத்தில் தேங்கிக் கிடப்பவற்றை எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தஞ்சை மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா காலமாகிச் சில மாதங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து மனம் ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, வீட்டுப் பட்டா மாறுதலுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. அதைத் தொட்டு, அப்பா மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தில் அண்ணன் என்னிடம் பேசிய பேச்சு வருகிறது. அதற்குள் ஒரு மாணவி எழுந்து நின்று சந்தேகம் கேட்டிருப்பாள். அது என் காதில் விழுந்திருக்காது.

இரவில் விடைத்தாள் கட்டை எடுத்து வைத்தால் பள்ளிக் குழு, பெற்றோர் குழு, உறவினர் குழு, தெருவாசிகள் குழு என்று வாட்ஸ்அப் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அடுத்த ஆண்டு கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள். இந்த ஓராண்டையாவது அவளுடன் நிதானமாகக் கழிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அவள் சொல்வதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்கும் நிலையில் இருக்கிறேன். தியானம் செய்யும்படி பலரும் சொல்கிறார்கள். கண்ணை மூடினால் இதே எண்ணங்கள் இன்னும் வேகமாக வருகின்றன. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மருதநிலத்தான் எழுதியது:

வணக்கம் சகோதரி. தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதில் முடிக்காத வேலைகளும், ஆறாத வருத்தமும், வெளியிலிருந்து வந்து விழும் இரைச்சலும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இம்மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் வெளியே தள்ளப் பார்ப்பதால்தான் கண்ணை மூடியதும் அவை வேகமெடுக்கின்றன. அது உங்கள் குறையன்று. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் மாணவர்களிடம், ஐந்து நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது என்றும், நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முன்னர் அடக்கிப் பார்த்தவர்களுக்கே அந்த நினைவு மிகுதியாக வந்தது.

முடிக்காத வேலைகளிலிருந்து தொடங்குவதே எளிது என்பது என் கருத்து. பெர்லினில் ஆய்வு செய்த புளூமா செய்கார்னிக், இடையில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடிந்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று 1927-இல் எழுதினார். பின்னாளில் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்த எல்லோருக்கும் அதே விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2011-இல் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். முடிக்காத ஒரு காரியம், வாசித்துக்கொண்டிருப்பவரின் கவனத்தில் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் அதை எப்போது, எங்கே, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதிவைத்துவிட்டால், காரியம் முடியாமலே அந்தக் குறுக்கீடு குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

ஆகவே 'பட்டா மாறுதல்' என்று எழுதிவைத்தால் போதாது. அது ஒரு வேலையன்று. பல வேலைகளின் மூட்டை. 'சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, இறப்புச் சான்றிதழையும் வாரிசுகள் அனைவரின் ஆதார் நகல்களையும் எடுத்துக்கொண்டு, வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும்' என்று எழுதுங்கள். இதை இரவு படுக்கும் முன் செய்வது இன்னும் நல்லது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் வரவிருக்கும் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அவர்கள் 57 இளைஞர்கள் மட்டுமே என்பதால் அதைப் பெரிய உத்தரவாதமாகச் சொல்ல மாட்டேன். ஆயினும் ஒரு தாளும் பேனாவும் போதும் என்பதால் முயன்று பார்க்கலாம்.

பொருநைவாசி எழுதியது:

வணக்கம் டீச்சர். மேலே ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்; ஆனால் பட்டியல் எழுதுவதில் ஒரு தயக்கமும் உண்டு. எதையும் நீக்காமல் எழுதிக்கொண்டே போனால், தலையில் இருந்த பாரம் தாளுக்கு மாறுமே தவிரக் குறையாது. எழுதிய பிறகு, இந்த ஆண்டு எதைச் செய்யப்போவதில்லை என்று முடிவுசெய்வதுதான் முக்கியமான வேலை. அதற்கான அளவுகோலை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: மகளுடன் இருக்கும் இந்த ஓராண்டு. திருவிழாக் குழுவின் கணக்கோ, உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் புடவை எடுத்துக்கொடுக்கும் பொறுப்போ உங்கள் தலையில் இருந்தால், 'இந்த ஆண்டு என்னால் இயலாது' என்று இப்போதே சொல்லிவிடுங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம். அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் ஒரு மாற்று வழி சொல்வார்கள்.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, பள்ளிக் குழுவைத் தவிர மற்றவற்றின் ஒலியை 'எப்போதும்' என்ற தெரிவில் நிறுத்தி, காப்பகத்துக்குள் தள்ளிவிடலாம். புதிய செய்தி வந்தாலும் அவை மேலே ஏறி வராது. வெளியேறினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற அச்சமும் தேவையில்லை. 2022 முதல், ஒருவர் வெளியேறும்போது நிர்வாகிகளுக்கு மட்டுமே அறிவிப்பு போகிறது. விடைத்தாள் திருத்தும் நேரத்தில் மொபைலை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தையதன் மிச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதியிருக்கிறார். பதினெட்டாவது விடைத்தாளில் இருக்கும்போது நின்றுபோன மனம், செய்தியைப் பார்த்த உடனேயே பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிடுவதில்லை.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி நேற்றிரவு எழுதிப் பார்த்தேன். மற்ற வேலைகளுக்கெல்லாம் நாளும் நேரமும் குறிக்க முடிந்தது. பட்டாவுக்கு மட்டும் முடியவில்லை. வாரிசுகளின் ஆதார் நகல் வேண்டும் என்றால் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசியாக வேண்டும். 'நீ அப்பாவைப் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதானா' என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், செவிலியர்கள் முன்னால் அவர் கேட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூத்தவர்தானே, மன்னித்துவிடு என்று அம்மா சொல்கிறார். வாயால் சொல்லிவிடலாம், மனம் இடம் கொடுக்கவில்லை.

தென்றல்முற்றம் எழுதியது:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள் நான். உங்கள் கடைசிப் பதிவில்தான் முடிச்சு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டா வேலை காகிதத்தால் தடைப்படவில்லை. பேசாமல் விட்ட ஒரு பேச்சால் தடைப்பட்டிருக்கிறது. அதனால்தான் வகுப்பில் பட்டாவின் நினைவு வந்த அடுத்த நொடியே அண்ணனின் சொல்லும் வருகிறது. பல வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன்: நகை பிரிப்பது, வங்கிக் கணக்கை முடிப்பது, இறந்தவரின் பீரோவைத் திறப்பது என்று எந்த வேலை காரணமின்றித் தள்ளிப்போகிறதோ, அதன் பின்னால் முகம் கொடுக்க முடியாத ஒரு மனிதரோ ஒரு வருத்தமோ இருக்கும்.

இரண்டையும் பிரித்துவிடுங்கள். ஆதார் நகலைக் கேட்பதற்கு மன்னிப்பு முன்நிபந்தனை அன்று. 'வாரிசுச் சான்றிதழுக்கு உங்கள் ஆதார் நகல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள் அண்ணா' என்று ஒரு செய்தி போதும். அதில் பழையதைத் தொட வேண்டாம். அவர் தொட்டால், அதை நேரில் பேசலாம் என்று மட்டும் பதில் எழுதுங்கள்.

வருத்தத்துக்குத் தனி இடம் கொடுங்கள். 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்கள் மனத்தை மிகவும் காயப்படுத்திய அனுபவத்தை எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களின் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் அதனால் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைவாக இருந்தது. யாருக்கும் காட்டுவதற்காக எழுத வேண்டாம், எழுதியதைக் கிழித்துவிடலாம். 'அவர் ஏன் அப்படிச் சொன்னார்' என்ற கேள்வியில் சுற்றிக்கொண்டிருக்காமல், அன்று நடந்தது என்ன, எது உங்களை அதிகம் வலித்தது, அப்பாவுக்காக நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தாங்க முடியாத அளவுக்கு வேதனை கிளறினால் நிறுத்திவிடுங்கள். ஆறாத துக்கத்தை ஒருவர் துணையோடு பேசுவதே நல்லது. மன்னிப்பைப் பற்றி அம்மாவிடம், 'இப்போதைக்கு அதைக் கேட்காதீர்கள்' என்று பணிவாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டமின்மை, தூக்கமோ பசியோ கெடுவது, தன்னையே குற்றம்சாட்டிக்கொள்வது, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்து இருந்தால், அதைத் தாளும் பேனாவும் கொண்டு சமாளிக்க முயல வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது; அன்றே அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள்.

அண்ணனுக்கான செய்தியைத் தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால், வாசகத்தை இங்கே இடுங்கள். சேர்ந்து பார்த்துச் சுருக்கிக்கொடுக்கிறோம்.