ஏணி மேல் நின்று கேட்ட குரல்

கமல்ஹாசனை நான் நேரில் பார்த்தது கிடையாது. கை கொடுத்தேன், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தேன் என்று சொல்கிறவர்கள் எங்கள் விக்கிரமசிங்கபுரத்திலேயே இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனாலும் அவரைச் சந்தித்த கதை என்று சொல்ல என்னிடமும் ஒன்று இருக்கிறது.

நான் கேபிள்காரன். இருபது வருஷத்துக்கும் மேலாக இதே தொழில்தான். அதனால் 2015 ஜூலையில் ‘பாபநாசம்’ வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரை ஒட்டிய பாபநாசத்தின் பேரில் படம். அதில் கமல் கேபிள் டிவி நடத்துகிற சுயம்புலிங்கம். பள்ளிப்படிப்பை முடிக்காமல், சினிமா பார்த்தே உலகத்தைத் தெரிந்துகொண்ட ஆள். கமலும் பள்ளிப்படிப்பை முடித்தவர் இல்லை, நானும் இல்லை. தியேட்டரில் மூன்று தடவை பார்த்தேன்.

நான் சொல்ல வந்தது தியேட்டர் கதை இல்லை. அந்தப் படத்தை முதல்முதலாக டிவியில் போட்ட அன்றைக்கு நல்ல மழை. எங்கள் பக்கம் அப்போது செட்டாப் பாக்ஸ் முழுதாக வரவில்லை. ஒரு ஜாயின்டில் தண்ணீர் இறங்கினால் தெருவே புள்ளி புள்ளியாகிவிடும். படம் ஓடும்போது அப்படித்தான் ஆயிற்று. ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு ஆச்சி வீட்டுத் தாழ்வாரத்தில்தான் ஜாயின்ட் இருந்தது. ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை. டிவியைப் பார்க்க மாட்டார்கள், கேட்பார்கள். பேரன் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான் போல. ஆச்சி கட்டிலில் படுத்திருந்தார்கள்.

நான் ஏணி மேல் நின்று, களிம்பேறிய செம்புக் கம்பியைச் சுரண்டி, புது பின் போட்டு முறுக்கினேன். உள்ளே இரைச்சல் நின்று சட்டென்று பேச்சு வந்தது. கமல் யாரிடமோ பேசுகிறார். ஆச்சி எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்கள்: “யாருய்யா வந்திருக்கது? உள்ள வந்து இரிக்கச் சொல்லுங்க.”

“படம் ஆச்சி, டிவில” என்றேன்.

“படமா? நம்ம ஆளுக பேசுத மாரில்லா இருக்கு!”

ஏணியில் அப்படியே நின்றுவிட்டேன். மழையில் நனைகிறோம் என்பதே தோன்றவில்லை.

எங்கள் பேச்சை சினிமா எப்படி வைத்திருந்தது என்று திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு “ஏலே”, ஒரு “அண்ணாச்சி”, அப்புறம் மளிகைக்கடை, அவ்வளவுதான். சிரிக்க வைக்க மட்டும் எங்கள் பேச்சு வேண்டும். ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்காகப் பயந்து பேசுவதற்கும், கெஞ்சுவதற்கும், பொய் சொல்வதற்கும் அதே பேச்சை ஒரு படம் முழுக்க நம்பி வைத்தது எனக்குப் பெரிய விஷயம். வசனம் ஜெயமோகன். நெல்லைத் தமிழுக்குக் கூட இருந்து உதவியவர் திருநெல்வேலிக்காரர், எழுத்தாளர் சுகா. பரமக்குடியில் பிறந்து சென்னையில் வளர்ந்த மனுஷன் ஒரு நெல்லைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறார் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டுத் தமிழ், ‘சதிலீலாவதி’யில் கோவைத் தமிழ், ‘தெனாலி’யில் ஈழத் தமிழ் என்று அவருக்கு அது பழக்கமும்கூட. அவரே எழுதி இயக்கிய ‘விருமாண்டி’யில் (2004) தேனிப் பக்கத்துப் பேச்சு. அதில் பிறகு டப்பிங் பேசுவதை விட்டு, படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்தார்கள். மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்.

அந்தக் காது எங்கிருந்து வந்தது என்பதற்கு எங்கள் பெரியப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் வந்த குழந்தை, அப்புறம் டி.கே.எஸ். நாடகக் குழுவில் போய்ப் பயின்றது. ‘அவ்வை சண்முகி’ என்ற பேரே, அவ்வையாராக மேடையில் நடித்த டி.கே. சண்முகத்துக்குச் செய்த மரியாதை. அந்த டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவயதில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம் கேட்டவர்கள். சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டி. அப்போது அதெல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லா. “நம்ம மண்ணுல போட்ட விதைதாம்ல அது” என்பார் பெரியப்பா. இழுத்துக் கட்டுகிறார் என்று அப்போது நினைத்தேன். இப்போது அவர் சொன்னது சரி என்றே படுகிறது.

இயக்குநர் கமலை நான் பார்த்தது ‘ஹே ராம்’ வந்தபோது, 2000இல், டவுனில் ஒரு தியேட்டரில். படம் கறுப்பு வெள்ளையில் தொடங்கியதும் பின்னால் இருந்து ஆபரேட்டரைப் பார்த்து விசில். கலர் போய்விட்டது என்று நினைத்தார்கள். கிழவர் சாகேத் ராமின் இன்றைய நாள் கறுப்பு வெள்ளை, அவர் நினைவில் வரும் பழைய நாள் கலர் என்று புரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. இடைவேளையில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மறுநாள் நான் மட்டும் தனியாகத் திரும்பப் போனேன். காந்தியைக் கொல்லப் போகிறவன் காந்தி முன்னால் வந்து நிற்கும்போது, காந்தியாக நடித்த நஸிருதீன் ஷா முகத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு அடைத்தது. ‘மூன்றாம் பிறை’, ‘நாயகன்’, ‘இந்தியன்’ என்று மூன்று படங்களுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கியவர்தான். ஆனால் கைத்தட்டல் வராது என்று தெரிந்தும் ‘ஹே ராம்’ எடுத்தாரே, என் கணக்கில் அது எல்லாவற்றுக்கும் மேலே.

‘பாபநாச’த்தில் ஒரு குறை எனக்கு உண்டு. கடைசியில், தன் மகள் கையால் செத்துப்போன பையனைப் பெற்றவர்கள் முன்னால் சுயம்புலிங்கம் நிற்கும்போது அவ்வளவு உடைந்திருக்க வேண்டாம். எங்கள் ஊர் ஆம்பிளை அந்த இடத்தில் தொண்டையை அடக்கிக்கொள்வான். மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டான்; பிள்ளை பெற்றவனுக்குத்தான் தெரியும் என்பான்.

அன்றைக்கு ஆச்சியால் அந்தக் கட்டம் வரை கேட்க முடியவில்லை. நான் ஏணியைக் கட்டிக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் கரண்டு போய்விட்டது. பிறகு விடியும் வரை வரவில்லை. மாசம் பிறந்து வசூலுக்குப் போனபோது, ரூபாயை முந்தானையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே ஆச்சி கேட்டார்கள்: “எய்யா, அன்னைக்கு வந்தவரு பிள்ளையளக் காப்பாத்திட்டாரா?”

“காப்பாத்திட்டாரு ஆச்சி.”

“நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு ரூபாயை நீட்டினார்கள்.