பொருள்: வேஸ்ட்கேட்டுக்குத் தமிழில் என்ன? (டர்போ பாடக்குறிப்பு, வெள்ளிக்குள் வேண்டும்)

தொகுப்பாளர்:
வணக்கம். கம்பெனியிலிருந்தே காரில் பொருத்தி வரும் டர்போவின் (எஞ்சின் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் கருவி) பாகங்களை இனங்காணத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சுழலி (டர்பைன்), அமுக்கி (கம்ப்ரசர்), தாங்கி (பேரிங்) ஆகியவற்றில் சிக்கலில்லை. துருவேறிய இரும்புக்கூடு சுழலிப் பக்கம், அலுமினியக்கூடு அமுக்கிப் பக்கம் என்று எழுதியாயிற்று. நிற்பவை மூன்று: வேஸ்ட்கேட் (மிகைப்புகையைச் சுழலிச் சக்கரத்தில் படாமல் திருப்பிவிடும் மூடி), இன்டியூசர்/எக்ஸ்டியூசர் (சக்கரத்தில் காற்றோ புகையோ நுழையும், வெளியேறும் பக்கங்கள்), சுழலிக்கும் அமுக்கிக்கும் இடையிலுள்ள நடுக்கூட்டின் சீல். ‘கழிவு வாயில்’ மட்டும் வேண்டாம், வகுப்பே சிரிக்கும்.

மறுமொழி 1:
கலிங்கு இருக்க வேறு சொல் எதற்கு? ஏரி நிரம்பினால் கரை உடையாமல் மிகைநீரை வெளியேற்றுவது கலிங்கு. இங்கே மிகைப்புகை. ‘டர்போ’வையும் விட்டுவிடாதீர்கள். இலத்தீனில் அதற்குச் சூறை, பம்பரம் என்று பொருள். நம் ‘திரும்பு’வோடு ஒலியும் பொருளும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! திருகு, திரிகை, திருப்பம் என்று வரிசை நீளும். ‘பம்பரவூட்டி’ எனலாம்.

மறுமொழி 2:
ஐயா, ‘திரும்பு’வுக்குத் தனி இழை தொடங்குங்கள், வெள்ளி கழித்து.

கலிங்கு அழகுதான், ஆனால் தவறான இடத்தைக் காட்டும். ஏரியில் நிரம்புவதும் வழிவதும் ஒரே நீர். இங்கே அழுத்தத்தை அறிவது அமுக்கிப் பக்கத்துக் காற்றிலிருந்து. திருப்பிவிடப்படுவது சுழலிக்குள் வரும் புகை. காற்றழுத்தம் மெல்லிய ஹோஸ் வழியாக ஆக்சுவேட்டரின் (மூடியை இயக்கும் கருவி) சவ்வைத் தள்ளும். ஸ்பிரிங்கை அது மிஞ்சியதும் தண்டு நகர்ந்து, சுழலிக்கூட்டுக்குள் இருக்கும் மூடி திறக்கும். புகையில் ஒரு பகுதி சுழலிச் சக்கரத்தைத் தொடாமல் போய்விடும். ஹோஸ் கிழிந்தால் மூடி திறக்காது, அழுத்தம் எல்லை மீறும். மூடி சரியாக அமராவிட்டால் வண்டி இழுக்காது. கலிங்கு என்று படித்தவன் காற்றுக்குழாயில்தான் தேடுவான். அங்கே அவனுக்குக் கிடைப்பது, த்ராட்டில் மூடும்போது காற்றை விடும் வேறொரு வால்வு. கதவும் உண்டு, பாதையும் மாறுகிறது என்பதால் ‘புகைமதகு’ என்பேன்.

மறுமொழி 3:
இன்டியூசருக்குப் ‘புகுவாய்’, எக்ஸ்டியூசருக்கு ‘விடுவாய்’ என்று ஒரு பழைய பட்டியலில் உண்டு. இரண்டும் முன்னிலை வினைமுற்றாகப் படுகின்றன, மாணவனுக்குக் கட்டளை இடுவதுபோல! ‘நுழைவிட்டம்’, ‘நீங்குவிட்டம்’ என்றால் வினைத்தொகை, குழப்பமில்லை.

மறுமொழி 2:
ஏற்கிறேன். ‘வெளிவிட்டம்’ கூடவே கூடாது. அமுக்கியில் காற்று நடுவில் நுழைந்து விளிம்பில் வெளியேறும், ஆகவே நுழைவிட்டம் சிறிது. சுழலியில் புகை விளிம்பில் நுழைந்து நடுவில் வெளியேறும், ஆகவே நீங்குவிட்டம்தான் சிறிது. ‘வெளி’ என்றதும் பையன்கள் பெரிய விட்டத்தை அளப்பார்கள், ட்ரிம் (சிறிய விட்டத்துக்கும் பெரிய விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் எண்) கணக்கு கெடும். அமுக்கியில் 36 மி.மீ. நுழைவிட்டம், 48 மி.மீ. நீங்குவிட்டம் என்றால் (36/48)² × 100, அதாவது 56. தலைகீழாகப் போட்டால் 178 வரும்.

சீலுக்கு ‘அடைப்பான்’ வேண்டாம். அது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற பிளவு வளையம். எண்ணெயை முழுக்கத் தடுப்பது அதன் வேலையில்லை. எண்ணெய் கீழ்நோக்கித் தடையின்றி வடிய வேண்டும். வடிகுழாய் அடைத்தால் புது டர்போவும் ஒழுகும். அடைப்பான் என்று படித்தவன் டர்போவை மாற்றுவான், குழாயைப் பார்க்கமாட்டான். ‘பிளவு வளையம்’ போதும்.

மறுமொழி 4:
ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புகைமதகு கேட்டால் யார் எடுத்துத் தருவார்? வேஸ்ட்கேட் என்றே எழுதுங்கள், படத்தில் அம்புக்குறி போடுங்கள்.

மறுமொழி 1:
கடைக்காரருக்காகவா கலைச்சொல் ஆக்குகிறோம்? மதகைத் திறக்க ஆள் வேண்டும். கலிங்கு தானே வழியும், உங்கள் வேஸ்ட்கேட்டும் அப்படித்தான். கலிங்குதான்.

தொகுப்பாளர்:
புகைமதகுக்கு மூன்று பேர், வேஸ்ட்கேட்டுக்கு இருவர், கலிங்குக்கு ஒருவர். முதல்முறை ‘புகைமதகு என்னும் வேஸ்ட்கேட்’, பிறகு புகைமதகு. விட்டங்களும் பிளவு வளையமும் அப்படியே போகின்றன. படத்தில் வடிகுழாய் பக்கவாட்டில் வரையப்பட்டிருக்கிறது, அதைக் கீழ்நோக்கித் திருத்தித் தர யாராவது முடியுமா?

மறுமொழி 1:
நான் திருத்தித் தருகிறேன். அடிக்குறிப்பில் கலிங்கையும் சேர்ப்பேன்.