நித்தியகல்யாணிச் சாறு புற்றைக் கரைக்குமா?

வெண்ணாற்றங்கரை:
நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடித்தால் மார்புப் புற்று கரைந்துவிடும், ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாபநாசத்தில் இருக்கும் என் அத்தை அதை நம்பி, கீமோ வேண்டாம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி:
அத்தையிடம் இன்றே பேசுங்கள். நான் தஞ்சாவூரில் மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் ஆய்வு மாணவி. அந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு புற்று மருந்துகள் வந்தது உண்மைதான். 1950களில் கனடாவில் சர்க்கரை நோய்க்காக அதை எலிகளில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்த வெள்ளையணுக்கள் குறைந்தன. வெள்ளையணு பெருகும் ரத்தப் புற்றுக்கு உதவுமா என்ற தேடல் அங்கேதான் தொடங்கியது. ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். அதையும் அளந்து ரத்தக் குழாயில்தான் ஏற்றுகிறார்கள். பச்சை இலை நஞ்சு.

"ஆய்வில் நிரூபணம்" என்பது பெரும்பாலும் என்ன தெரியுமா? தட்டில் வளரும் புற்றுசெல் மேல் சாற்றை விட்டு, எத்தனை பிழைத்தன என்று சாயத்தின் நிறத்தை வைத்துப் பார்ப்பது. ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் விட்டுப் பாதி செல் செத்தாலே பெரிதாக எழுதிவிடுகிறார்கள். 5 லிட்டர் ரத்தத்தில் அந்த அடர்த்தி வர, அரை கிராம் சாறு குடலிலும் ஈரலிலும் சிதையாமல் முழுசாகச் சேர வேண்டும். நடக்கிற காரியமா?

தோப்புத்துறை:
அத்தை விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. என் தாத்தா வைத்தியர். அவர் நித்தியகல்யாணியை உள்ளுக்குக் கொடுத்ததே இல்லை. ஆனால் உங்கள் சோதனையிலேயே எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சிவனார் வேம்பை நாங்கள் குழித்தைலமாக எடுக்கிறோம். அடியில் துளை போட்ட பானையில் அடைத்து, குழிக்குள் இறக்கி, மேலே வரட்டி போட்டு எரித்தால் கீழே சொட்டுச் சொட்டாக இறங்கும். நீங்கள் அதே செடியை மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறப்போட்டுவிட்டு "சித்த மருந்து பலிக்கவில்லை" என்றால், நாங்கள் கொடுக்காத மருந்தைத்தானே சோதித்தீர்கள்?

குடமுருட்டி:
மெத்தனால் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் துறையில் இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கும் வருத்தம். ஆனால் எரிக்கும்போது செடி கருகிப் புதுப் பொருள்கள் உண்டாகின்றன. செல் செத்தால் அது மூலிகையின் குணமா, தாரின் நஞ்சா? நல்ல செல் மேலும் விட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

தோப்புத்துறை:
எங்கள் பக்கம் பயிராகும் கண்வலிக்கிழங்கில் கோல்சிசின் இருக்கிறது. மூட்டு வீக்கத்துக்கு இன்று மாத்திரையாகவே வருகிறது. அதுவும் நஞ்சுதானே?

குடமுருட்டி:
நஞ்சுதான். அதனால்தான் பிரித்தெடுத்து, மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள். கிழங்கைத் தின்று இறந்தவர்கள் உண்டு. உங்கள் தைலம் ஒரு குப்பி தாருங்கள். செடி பிடுங்கிய ஊரையும் மாதத்தையும் எழுதி, எந்தச் செடி என்று உறுதிசெய்யப் பூவோடு ஒரு கிளையும் காயவைத்துத் தாருங்கள்.

தோப்புத்துறை:
தருகிறேன். வேறெதிலும் கலக்காமல் அப்படியே சோதிப்பீர்களா?

குடமுருட்டி:
எண்ணெய் செல் வளரும் நீரில் கலக்காது, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தாக வேண்டும். செல் சாவது அதனாலா, தைலத்தாலா என்று தெரிய, டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட தட்டையும் பக்கத்திலேயே வைப்பேன். நீங்களே வந்து பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
இரண்டு பேர் சொன்னதையும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். வைத்தியர் வீட்டுப் பிள்ளையே வேண்டாம் என்றதும் கொஞ்சம் யோசிக்கிறார். திங்கட்கிழமை கீமோவுக்கு அழைத்துப் போகிறேன்.