மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள், முடிவு எங்கே போனது?

கடைமடைக்காரன்:

எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம். ஒன்பது மா நிலம். நான்கு வருஷத்தில் மூன்று தடவை ஆராய்ச்சி என்று வந்துவிட்டார்கள். முதலில் வந்த பையன் ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று துளை போட்டு மண் எடுத்து, பாலிதீன் பையில் மார்க்கரால் 'டி-3' என்று எழுதினான். அன்றிலிருந்து என் வயலுக்கு அதுதான் பெயர். அடுத்து வந்த பெண் கையில் பதினாலு பக்கக் கேள்வித்தாள். "கடல்நீர் உட்புகுதல் குறித்த தங்கள் மனப்பான்மை: முழுமையாக ஏற்கிறேன், ஓரளவு ஏற்கிறேன்..." உப்பை நான் ஏற்றால் என்ன, ஏற்காவிட்டால் என்ன? அது வருகிறது. மூன்றாவது கோஷ்டி குட்டைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனது.

எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான். டீ குடித்தார்கள், "அரசு நிதியில் நடக்கிற புராஜெக்ட், முடிவு வந்ததும் அனுப்புகிறோம்" என்றார்கள். ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. இன்னொரு வருத்தமும் உண்டு. மண் எடுத்தது தை மாசம், மழை உப்பைக் கழுவிக்கொண்டு போன பிறகு. சித்திரையில் வந்தால் நகத்தால் சுரண்டினாலே வெள்ளையாக வரும். அதைச் சொன்னதற்கு, "அப்போ புராஜெக்ட் முடிஞ்சிடும் அங்கிள்" என்றான்.

நம் வரிப்பணத்தில் நடப்பதுதானே. அந்த முடிவு எங்கே போகிறது? எனக்குக் கிடைக்க வழி உண்டா?

வெட்டாறு:

எங்கே போகும்? டாக்டர் பட்டமாகப் போகும். அடுத்த தடவை வந்தால் டீ கொடுக்காதீர்கள்.

முன்னாள் புராஜெக்ட் பையன்:

அண்ணே, நானும் இப்படி மண் அள்ளிய ஆள்தான் (உங்கள் ஊரில் இல்லை, வேதாரண்யம் பக்கம்). தை மாசக் கதையை மட்டும் விளக்கிவிடுகிறேன்.

பேராசிரியர் திட்டம் எழுதி அனுப்புவார், நிபுணர் குழு பார்க்கும், ஒப்புதல் வரும். பெரும்பாலும் மூன்று வருஷம். கருவி, ஆள் சம்பளம், கெமிக்கல், பயணம், இதர செலவு, நிறுவனத்துக்கான பங்கு என்று தலைப்பு தலைப்பாகப் பணம். முதல் தவணையைச் செலவழித்து, பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. நிதியாண்டு மார்ச்சில் முடியும். எங்களுக்குப் பணம் மார்கழியில் வந்தது. கொட்டேஷன், கொள்முதல் என்று அலைந்து காரை எடுக்கும்போது தை பிறந்துவிட்டது. சித்திரையில் போக வேண்டும் என்று எங்கள் சாருக்கும் தெரியும். பயணத் தலைப்பில் பணம் இல்லை. ஒரு தடவை என் சம்பளம் ஏழு மாசம் நின்றது. காகிதத்தில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். கைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பல்கலைக்கழக ஆய்வேடுகளை யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி 'சோத்கங்கா' தளத்தில் ஏற்ற வேண்டும். யாரும் இலவசமாகப் படிக்கலாம். வருஷத்தையும் ஊர்ப் பெயரையும் வைத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயோடு மனு போட்டுத் திட்டத்தின் இறுதி அறிக்கையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆடுதுறைப் பக்கத்துக் கிழவன்:

வெட்டாறு தம்பி, டீயை நிறுத்தச் சொல்லாதே. ஆடுதுறையில் 1922இலிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. ஜப்பான் ரகத்தையும் நம் நாட்டு ரகத்தையும் ஒட்டவைத்து அறுபதுகளில் ஆடுதுறை 27 வந்தபோது, குறுவையில் என் அப்பா முதலில் போட்டது கால் பங்கு நிலத்தில்தான். அடுத்த வருஷம் முழுக்க அதுதான். அதுவும் அரசாங்கக் காசுதான். இப்போது தாழ்ந்த வயலில் சி.ஆர். 1009 சப்-1 நெல் போடுகிறீர்களே, இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கிறதே, அந்தக் குணம் ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்தது. அதைப் பிரித்தெடுக்க எத்தனை பேர் எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பார்கள். விதை மூட்டையில் அவர்கள் பெயரை யார் பார்க்கிறோம்?

ஆனால் மண்ணைக் கொடுத்தவனுக்கு ஒரு கடுதாசி போடாதது தப்பு. அதில் எனக்கும் கோபம்தான்.

காவிரி வாய்:

எங்கள் பூம்புகாரிலும் இதே கதை. 1981இலிருந்து கடலுக்கடியில் தேடுகிறார்கள். தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவத்தில் ஒரு கட்டமைப்பைப் பார்த்ததாகச் சொன்னார்கள். எங்கள் தெருக்காரர்கள் வலை சிக்கும் இடம் என்று அந்தப் பக்கத்தை முன்பே ஒதுக்கி வைத்திருந்தார்கள். கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது. எங்களுக்குச் செய்தித்தாளில் வந்தது.

கடைமடைக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புராஜெக்ட் தம்பிக்கு நன்றி. அக்கா மகனை உட்காரவைத்து சோத்கங்காவில் தேடினோம். தலைஞாயிறை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதிப் பார்த்து, நான்காவதில் சிக்கியது. 180 பக்கம். எல்லாம் ஆங்கிலம். அட்டவணையில் கீழிருந்து மூன்றாவது வரியில் டி-3! சொந்தக்காரன் பெயரைக் கல்வெட்டில் பார்த்த மாதிரி இருந்தது.

மருமகன் வாசித்துச் சொன்னான். கார அமிலநிலை 7.9. மின்கடத்துத்திறன் மேலடியில் 4.3, மூன்றாவது அடியில் 6.8. சோடியம் 15 சதவீதத்துக்குக் கீழே. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேளாண் அலுவலரிடம் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு நிமிஷம்தான் பார்த்தார். "இது உவர் நிலம், களர் இல்லை. நீங்க என்ன போடறீங்க?"

ஜிப்சம் என்றேன். உரக்கடையில் சொன்னார்கள், மூன்று வருஷமாகப் போடுகிறேன்.

சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்ல மனுஷர். ஜிப்சம் களருக்கு. சோடியம் மண்ணைப் பிடித்துக்கொண்டு இறுகவைத்திருந்தால்தான் அதற்கு வேலை. உவருக்கு நல்ல தண்ணீரைக் கட்டி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியாக வெளியேற்ற வேண்டும். என் வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. மின்கடத்துத்திறன் கூடினால் உப்பு கூடுதல் என்று அர்த்தமாம்; மூன்றாவது அடியில் உப்பு அதிகம் என்பதால் ஆழமாக உழுது கீழ் மண்ணைப் புரட்டவும் வேண்டாம் என்றார். போன சித்திரையில்தான் டிராக்டர் விட்டு ஆழ உழுதேன்.

அந்தப் பையன் இப்போது எங்கே வேலை பார்க்கிறான் என்று தெரிந்தால் யாராவது சொல்லுங்கள். திட்டுவதற்கு இல்லை. சித்திரையில் ஒரு தடவை வந்து அளந்துவிட்டுப் போகட்டும், கார் வாடகையை நானே கொடுக்கிறேன். ஜிப்சம் கணக்கை மட்டும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.