குஷன் அதிகமான ஷூ போட்டு லாங் ரன் பண்றவங்க, உங்க அனுபவம் சொல்லுங்க

அடையாறு அக்கா:

ஜனவரில சென்னை மாரத்தான் ஃபுல் ஓடணும்னு தயாராகிட்டு இருக்கேன், வயசு 44. ஞாயித்துக்கிழமை விடியக்காலைல பெசன்ட் நகர்ல ஆரம்பிச்சு திருவான்மியூர் வழியா ஈசிஆர் ஏறி நீலாங்கரை, அக்கரைன்னு போயிட்டு திரும்புறதுதான் எங்க குரூப்போட லாங் ரன். போன சீசன் வரைக்கும் சாதாரண ஷூதான், குதிகால் பக்கம் முன்பக்கத்தை விட 10 மில்லிமீட்டர் உயரமா இருக்கும், இந்த உயர வித்தியாசத்தத்தான் ட்ராப்னு சொல்வாங்க. 25 கிலோமீட்டர் வரைக்கும் ஒண்ணும் தெரியாது, அதுக்கப்புறம் பாதத்தோட முன்பக்கம் எரிய ஆரம்பிச்சிடும், மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை ரெண்டும் இறுகிப் போய் கைப்பிடிய பிடிச்சுக்கிட்டுதான் இறங்குவேன்.

இந்த சீசன் ஹோகா கம்பெனியோட தடி குஷன் ஷூ, கிளிஃப்டன் 9 எடுத்தேன். மறுநாள் வலி நிஜமாவே குறைஞ்சிடுச்சு, செவ்வாய்க்கிழமை ஈஸி ரன்னுக்கு கால் தயாரா இருக்கு, எனக்கு அதுதான் பெரிய விஷயம், ஏன்னா மாரத்தான் ட்ரெய்னிங்னா ஒரு நாள் நல்லா ஓடறது இல்ல, வாரம் முழுக்க விடாம ஓடறது. ஆனா ஆரம்பத்துல ஆடுசதை செமயா பிடிச்சுது. விசாரிச்சப்போ ட்ராப்தான் காரணம்னு புரிஞ்சுது, இதுல ட்ராப் 5 மில்லிமீட்டர்தான், குதிகால் உயரம் குறையும்போது முழங்காலுக்குப் போற சுமைல கொஞ்சம் கணுக்காலுக்கும் ஆடுசதைக்கும் மாறிடுது. அதனால புது ஷூ எடுக்கிறவங்க சோல் எவ்ளோ தடின்னு மட்டும் பாக்காதீங்க, இப்ப போடற ஷூவோட ட்ராப் என்ன, வாங்கப்போறதோட ட்ராப் என்னன்னு ரெண்டையும் பாத்துக்கோங்க. என்னைக் கேட்டா லாங் ரன் ஓடறவங்களுக்கு இவ்ளோ உபயோகமான மாற்றம் ஷூல ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்பதான் வந்திருக்கு. உங்களுக்கெல்லாம் எப்படி இருந்துச்சு?

கோவை ரேஸ்கோர்ஸ்:

அக்கா நான் 88 கிலோ. என் அனுபவம் கொஞ்சம் வேற. கால் வச்சதும் அமுங்குற ரொம்ப மெத்துன்னு இருக்கிற ஃபோம் ஷூ ஒண்ணு வாங்கினேன், கடைல நடந்து பாத்தப்போ சொர்க்கம், 15 கிலோமீட்டர் தாண்டினதும் ஃபோம் முழுசா அமுங்கி கீழ தட்டுற மாதிரி ஆயிடுச்சு, அதோட கால் உள்பக்கமா சாய ஆரம்பிச்சுது. அப்புறம் அதே அளவு தடி, ஆனா ஃபோம் கொஞ்சம் கெட்டியா, சோல் அகலமா இருக்கிற மாடலுக்கு மாறினேன், இப்ப 30 வரைக்கும் தைரியமா போறேன். தடிமன் வேற மென்மை வேற, கடைல ரெண்டையும் ஒண்ணாவே பேசிடறாங்க.

லக்சம்பர்க்ல ஒரு ஆய்வு பண்ணாங்க, 2020-ல வெளியாச்சு, 848 பேர், எல்லாம் நம்மள மாதிரி ஆர்வத்துக்கு ஓடறவங்க. பாக்க ஒரே மாதிரி ஷூ, பாதி பேருக்கு மெத்துன்னு இருக்கிற மிட்சோல் (சோலுக்கு நடுவுல இருக்கிற ஃபோம் அடுக்கு), பாதி பேருக்கு கெட்டியானது, யாருக்கு எதுன்னு ஓடறவங்களுக்கே தெரியாது. ஆறு மாசம் கவனிச்சதுல கெட்டி ஷூ போட்டவங்களுக்குத்தான் காயம் அதிகம். ஆனா அந்த நன்மை உடம்பு எடை கம்மியா இருக்கிறவங்ககிட்டதான் தெளிவா தெரிஞ்சுது, கனமானவங்ககிட்ட அவ்ளோ தெளிவா இல்ல. இதைப் படிச்சப்புறம்தான் என் காலுக்கு நடந்தது புரிஞ்சுது.

பிசியோ தம்பி:

அண்ணா சொன்னது சரி. நான் பிசியோதெரபி படிச்சிட்டு ரன்னர்ஸ்தான் அதிகமா பாக்கறேன். எல்லாரும் நினைக்கிறது குஷன் ஏத்தினா தரைல இருந்து வர்ற அடி குறையும்னு, உடம்பு அவ்ளோ சுலபமா கணக்கு போடறது இல்ல. ஃபின்லாந்துல 2018-ல ஒரு ஆய்வு வந்துச்சு, 12 ஆம்பளைங்கள சாதாரண ஷூலயும் ரொம்ப தடியான குஷன் ஷூலயும் ஓட விட்டு அளந்தாங்க, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் ஒண்ணு, 14.5 வேகம் ஒண்ணு. தடி ஷூலதான் தாக்கம் அதிகமா வந்துச்சு, வேகம் ஏறினப்போ வித்தியாசமும் ஏறிச்சு. காரணம் என்னன்னா கீழ மெத்துன்னு இருக்குன்னு தெரிஞ்சதும் உடம்பு காலை விறைப்பாக்கிடுது, முழங்கால் மடக்குறத குறைச்சுக்குது. கெட்டித் தரைல நாம தானாவே முழங்கால மடக்கி மெதுவா இறங்குவோம், மெத்துன்னு இருக்கிற தரைல காலை நேரா ஊனிடுவோம், இதெல்லாம் யோசிச்சு பண்றது இல்ல.

12 பேர் வச்சு பண்ணினது சின்ன ஆய்வுதான், லேப்ல அடி அதிகமா தெரிஞ்சா வெளில காயம் அதிகமாகும்னு அர்த்தமும் கிடையாது, அண்ணா சொன்ன லக்சம்பர்க் ஆய்வு அதுக்கு நேர் எதிரா சொல்லுதே. நான் இதுல எடுத்துக்கிறது, மெதுவா ஓடும்போது தடி ஷூ நல்லா உதவுது, வேகம் ஏத்துற நாள்ல அதே ஷூவ நம்ப வேணாம். என்கிட்ட வர்றவங்களுக்கு இன்டர்வல், டெம்போ மாதிரி வேகமா ஓடற பயிற்சி எல்லாம் தடி கம்மியான ஷூல பண்ணச் சொல்றேன், அதோட வீட்ல வெறுங்கால்ல ஒத்தக் கால்ல நின்னு பழகறது, படி விளிம்புல நின்னு குதிகால ஏத்தி இறக்கறது, இது ரெண்டையும் விடாதீங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன். பாதத்துல இருக்கிற சின்னச் சின்ன தசைக்கு வேலை குடுக்கணும், எந்த ஷூவும் அந்த வேலைய செய்யாது.

மதுரை 58:

தம்பி எழுதினது நல்லா இருக்கு. எனக்கு கட்டைவிரல் மூட்டு தேஞ்சு விறைச்சுப் போச்சு, ஒவ்வொரு அடிக்கும் விரல் மடங்கும்போது உயிர் போகும், ஓட்டத்த விட்டுடுங்கன்னே ஒரு டாக்டர் சொல்லிட்டார். இன்னொரு டாக்டர்தான் அடிப்பாகம் படகு மாதிரி வளைஞ்ச தடி சோல் ஷூ போட்டுப் பாருங்கன்னார். அந்த வளைவுல கால் தானா உருண்டு முன்னால போயிடுது, விரல் மடங்கவேண்டிய அவசியமே குறைஞ்சுடுது. இப்ப ஹோகாவோட போண்டைங்கிற மாடல் போட்டு வண்டியூர் கண்மாய் பக்கம் ஓடறேன், ஹாஃப் மாரத்தான் தூரம் வரைக்கும் வலி இல்லாம போக முடியுது. ஷூ கனமாத்தான் இருக்கு, வேகம் வராது, எனக்கு வேகம் வேணாம், ஓடினா போதும். ஓட்டமே முடிஞ்சுதுன்னு நினைச்ச மனுஷனுக்கு இது எவ்ளோ பெருசுன்னு எழுதித் தெரிய வைக்க முடியல.

ஏலகிரி இறக்கம்:

ஐயா படிக்கவே சந்தோஷமா இருக்கு.

நான் மலை ஓட்டக்காரன். இந்த தடி ஷூ பொறந்ததே மலை இறக்கத்துக்காகத்தான்னு நிறைய பேருக்குத் தெரியாது. ஹோகாவ 2009-ல ஆரம்பிச்ச ரெண்டு பிரெஞ்சுக்காரங்க, நிக்கோலா மெர்மூ, ஜான்-லுக் டியார், ரெண்டு பேரும் முன்னாடி சாலமன் கம்பெனில இருந்தவங்க, மலைல இருந்து வேகமா இறங்கறதுக்கு ஒரு ஷூ வேணும்னுதான் ஆரம்பிச்சாங்க. முதல் மாடல் பேர் மஃபாட்டே, ரியூனியன் தீவுல இருக்கிற ஒரு மலைப் பள்ளத்தாக்கு அது, ரோடே கிடையாது, நடந்தோ ஹெலிகாப்டர்லயோதான் போக முடியும். அந்த நேரத்துல உலகம் முழுக்க மெல்லிசு ஷூ, வெறுங்கால் ஓட்டம்னு பேச்சு, இவங்க நேர் எதிர்ப்பக்கம் போனாங்க, முதல்ல அதை நம்பி எடுத்தவங்க மாரத்தானை விட நீளமா மலைல ராப்பகலா ஓடற அல்ட்ரா ஆளுங்கதான்.

ஏலகிரி மலைப்பாதைல 14 கொண்டை ஊசி வளைவு, மேல ஏறிட்டு இறங்கும்போதுதான் தொடைக்கு உண்மையான சோதனை, அங்க குஷன் குடுக்கிற உதவிக்கு ஈடே இல்ல. ஆனா அது தார் ரோடு. கல்லும் வேரும் இருக்கிற ஒத்தையடிப் பாதைல ரோடு ஓட்டத்துக்கான தடி ஷூ போட்டு இறங்காதீங்க, தரை எப்படி இருக்குன்னு காலுக்குத் தெரியாது, உயரத்துல நிக்கறதால கணுக்கால் ஒரு தடவை மடங்க ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. எங்ககூட வந்த ஒருத்தருக்கு அப்படி ஆகி சீசனே போச்சு. ட்ரெயிலுக்குன்னு அகலமான அடி, பிடிப்பான ரப்பர் வச்ச தடி ஷூ தனியா வருது, அதை எடுங்க.

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட்:

ரேஸ் பக்கம் ஒரு விஷயம் சேத்துக்கறேன். உலக தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெட்டிக்ஸ் விதிப்படி ரோடு ரேஸ்ல சோல் 40 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது. இப்ப வர்ற ட்ரெய்னிங் ஷூ சிலது அதைத் தாண்டிடுது, ஆசிக்ஸ் சூப்பர்பிளாஸ்ட் மாதிரி. 2021 செப்டம்பர்ல வியன்னா மாரத்தான்ல எத்தியோப்பியாக்காரர் டெராரா ஹுரிசா முதல்ல வந்து கோட்டைத் தொட்டுட்டார், 2 மணி 9 நிமிஷம் 22 செகண்ட், அப்புறம் ஷூவ அளந்தா 5 சென்டிமீட்டர், தகுதி நீக்கம் பண்ணி கென்யாவோட லெனர்ட் லாங்கட்டுக்கு பட்டத்த குடுத்தாங்க. நம்மள மாதிரி பின்னாடி ஓடறவங்க ஷூவ யாரும் அளக்க மாட்டாங்க, ஆனா வயசுப் பிரிவுல பரிசுக்கு ஓடறவங்க அந்தந்த ரேஸ் விதிய ஒரு தடவை படிச்சிடுங்க. ட்ரெய்னிங்ல எவ்ளோ தடி வேணா போடலாம், அதுக்கு விதி கிடையாது.

நான் இங்க ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல சமதரைல ஓடறதால தடி ஷூ அருமையா ஒத்துப்போகுது, மெக்ரிட்சி காட்டுப்பக்கம் போனா வேற ஷூ.

வேளச்சேரி புதுசு:

எல்லாரும் எழுதினத ரெண்டு தடவை படிச்சேன். நான் இப்பதான் 10 கிலோமீட்டர்ல இருந்து ஹாஃபுக்கு போறேன், ஷூ பத்தாயிரத்துக்கு மேல சொல்றாங்க, வாங்கலாமா வேணாமா அக்கா? சென்னை வேர்வைல இது தாங்குமா?

அடையாறு அக்கா:

வாங்கலாம் தம்பி, ஆனா இருக்கிற ஷூவ தூக்கிப் போட்டுடாத. ரெண்டு ஜோடி மாத்தி மாத்தி போடறதே நல்லது, மேல கோவை தம்பி சொன்ன அதே லக்சம்பர்க் குழு முன்னாடி 264 பேர வச்சு பாத்ததுல ஒண்ணுக்கு மேல ஷூ மாத்திப் போட்டவங்களுக்கு காயம் ஆகுற வாய்ப்பு 39 சதவீதம் குறைவா இருந்துச்சு. புதுச முதல்ல வாரத்துல ஒரு ஈஸி ரன்னுக்கு மட்டும் போடு, 5, 6 கிலோமீட்டர், ஆடுசதை பழகினதும் லாங் ரன்னுக்கு கொண்டு போ. கடைக்கு சாயங்காலம் போ, ஓடற சாக்ஸ் போட்டுக்கிட்டு போ, பகல் முழுக்க நடந்ததுல கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், லாங் ரன்லயும் அப்படித்தான் வீங்கும், விரலுக்கு முன்னாடி கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும்.

வேர்வை பத்தி கேட்டியே, அது சென்னைல நிஜமான பிரச்சினைதான். 20 கிலோமீட்டர் தாண்டினா கால் வழியா வடிஞ்சு ஷூக்குள்ளயே இறங்கிடும், அப்பர், அதாவது ஷூவோட மேல்துணி, மொத்தமா நனைஞ்சு கனமாகிடும். நான் ஜாக்கெட் மாதிரி பஞ்சு வச்ச அப்பர் இருக்கிற மாடல விட்டுட்டு மெல்லிசு வலை அப்பர் பாத்துதான் எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் உள் அட்டைய உருவிட்டு பழைய பேப்பர் திணிச்சு ஃபேன் கீழ வை, மொட்டை மாடி வெயில்ல காய வைக்காத, ஃபோமும் பசையும் சூட்டுல சீக்கிரம் கெட்டுடும். நிறைய ஷூ மிட்சோல்ல வர்ற ஈவிஏ ஃபோம் சூட்டுல இன்னும் மெத்துன்னு ஆகும், குளிர்ல கெட்டியாகும், அதனால குளிர் ஊர்க்காரங்க எழுதின ரிவ்யூ படிச்சிட்டு கெட்டியா இருக்கும்னு நினைச்சு எடுத்தா நம்ம ஏப்ரல், மே மாசத்துல வேற மாதிரி தெரியும்.

இன்னொண்ணு, ஈசிஆர் ஓரம் சரிவா இருக்கும், மணல் வேற கிடக்கும், தடி ஷூல அந்தச் சரிவுலயே ரொம்ப தூரம் போனா ஒரு கணுக்கால் மட்டும் வலிக்க ஆரம்பிக்கும். விடியறதுக்கு முன்னாடி வண்டி இல்லாத எடத்துல சமமான பகுதிக்கு வந்து ஓடு, ஆனா எதிர்ல வர்ற வண்டி தெரியற பக்கமாவே ஓடு, முதுகுல ரிஃப்ளெக்டர் இல்லாம இறங்காத. ஷூ எத்தனை கிலோமீட்டர் ஆச்சுன்னு வாட்ச் ஆப்ல குறிச்சு வை, 500-ல இருந்து 800 வரைக்கும் வரும்னு பொதுவா சொல்வாங்க, அடி ரப்பர் தேயாம புதுசு மாதிரியே இருந்தாலும் மிட்சோல் ஓரத்துல குறுக்கு சுருக்கம் ஆழமா விழுந்து, ஓடி முடிச்சதும் பழையபடி முழங்கால் பேச ஆரம்பிச்சா அந்த ஜோடிய நடக்கறதுக்கு வச்சுக்கோ.

எந்த மாடல் பாத்து வச்சிருக்க, உன் எடை என்ன, இப்ப போடற ஷூ என்னன்னு போடு, பிசியோ தம்பியும் பாத்து சொல்லட்டும்.