கேம்கார்டர்ல எடுத்த ஹெச்டி வீடியோவுக்கு எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர்? உங்க அனுபவத்த எழுதுங்க

கடலூர்_அலை

எல்லாருக்கும் வணக்கம். கேம்கார்டர்ல எடுத்த ஹெச்டி வீடியோவ எடிட் பண்ண எது நல்லாருக்கும்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு பேரு சொல்றாங்க, ஆனா உன் கேமரா என்ன, உன் கம்ப்யூட்டர் என்னனு திருப்பிக் கேக்கறவங்க ரொம்பக் கம்மி. அதனால தான் இத ஆரம்பிக்கறேன். நான் பாத்தத முதல்ல சொல்லிடறேன், நீங்களும் உங்களுக்கு நடந்தத முழுசா எழுதுங்க.

என்கிட்ட இருக்கறது எல்லாமே ஏவிசிஹெச்டி, 2006ல சோனியும் பானாசோனிக்கும் சேந்து கொண்டாந்த ஃபார்மட்டு. நம்ம ஊர்ல வித்த ஹேண்டிகேம்ல பெரும்பாலும் 1920க்கு 1080, 50 ஐ (இந்த 50 ஐ என்னனு கீழ சொல்றேன்). மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் பீச்சுல சுத்துப்பட்டு ஊரு சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வர்றத வருஷா வருஷம் எடுத்து வெச்சிருக்கேன். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலைல கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரை ஏறுச்சே, அதுக்கப்புறம் எடுத்ததும் இருக்கு, சாஞ்சு கெடந்த கரண்டு கம்பம், பண்ருட்டிப் பக்கம் வேரோட புடுங்கிப் போட்ட பலா, முந்திரி, எல்லாம். இது எதையும் திரும்பப் போய் எடுக்க முடியாது, அதனால தான் எனக்கு இதுல இவ்ளோ அக்கறை.

முதல்ல பாண்டில ஒரு கடைல விசாரிச்சேன். அவர் நேரா கிராஃபிக்ஸ் கார்டு மாத்துங்க, ரேம் ஏத்துங்க, வருஷ சந்தா கட்டற இந்த சாஃப்ட்வேர் தான் சினிமாக்காரங்க வெச்சிருக்காங்கன்னு ஆரம்பிச்சிட்டாரு. நான் கேட்டது ஒண்ணு தான், என் கிளிப்ப இங்க ஒரு தடவ ஓட்டிக் காமிங்கன்னு, அதுக்கு மட்டும் அவர் தயாரா இல்ல. அங்கயே எனக்குத் தெளிவாயிடுச்சு, நம்ம கிளிப்ப நம்ம மெஷின்ல போட்டுப் பாக்காம ஒரு ரூபா செலவு பண்ணக் கூடாதுன்னு.

ஏன் இந்த ஃபைல் மெஷின இவ்ளோ படுத்துதுன்னு புரிஞ்சுக்கறது நல்லது. 24 எம்பிபிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு 24 மெகாபிட்டுல, ஒரு மணி நேரம் எடுத்தா 11 ஜிபிக்குள்ள அடங்கிடும், அவ்ளோ சின்னதா அடங்குதுன்னா ஏவிசிஹெச்டி வீடியோவ சுருக்கற எச்.264ங்கற முறைல எல்லா ஃபிரேமையும் முழுசா வெக்கறதில்ல, எப்பவோ ஒரு ஃபிரேம் தான் முழுசு, நடுவுல வர்றதெல்லாம் முன்ன பின்ன இருக்கற ஃபிரேம்லருந்து என்ன மாறிச்சோ அது மட்டும் தான். டிவில நேரா ஓட விட்டுப் பாக்க அது போதும். ஆனா டைம்லைன்ல, அதாவது எடிட்டர்ல கிளிப்ப வரிசையா அடுக்கற பட்டைல, நடுவுல ஒரு எடத்துல கர்சர வெச்சா, மெஷின் அந்த முழு ஃபிரேமத் தேடிப் போயி அங்கருந்து ஒவ்வொண்ணா கட்டிக்கிட்டு வரணும், நாலு லேயர் போட்டா நாலு மடங்கு வேலை. அதனால ஃபைல் சின்னது தானே, பழைய கம்ப்யூட்டரே இழுத்துடும்னு நெனைக்க முடியாது.

ரெண்டாவது விஷயம் இன்டர்லேஸ். 50 ஐன்னா ஒரு செகண்டுக்கு 50 பாதிப் படம், ஒண்ணு ஒத்தப்படை வரி, இன்னொண்ணு ரெட்டைப்படை வரி. அத சரியாப் பிரிக்கத் தெரியாத சாஃப்ட்வேர்ல போட்டா அலை, கொடி, ஓடற புள்ளைங்க, அசையற எது மேலயும் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா வரும். நின்ன எடத்துல ஒண்ணும் தெரியாது. அதனால சாமி அசையாம இருக்கற கிளிப்ப வெச்சு சோதிச்சா எல்லா சாஃப்ட்வேரும் பாஸ் தான்.

நான் சோதிக்க எடுத்துக்கிட்டது கஷ்டமான கிளிப்பா பாத்து. அலையும் கூட்டமும் சேந்து இருக்கற எடத்துல கேமராவ வேகமா திருப்பினது ஒண்ணு, ராத்திரி சீரியல் லைட்டு வெளிச்சத்துல புள்ளி புள்ளியா நாய்ஸ் இருக்கறது ஒண்ணு, அப்புறம் நிறுத்தாம ரொம்ப நேரம் எடுத்ததால கேமராவே ரெண்டு மூணு ஃபைலா பிரிச்சு வெச்சது ஒண்ணு. ஒவ்வொரு சாஃப்ட்வேரோட ட்ரையல்லயும் இந்த மூணையும் போட்டு, வெட்டி, ஒரு காட்சி கரைஞ்சு அடுத்தது வர்ற மாதிரி டிசால்வ் குடுத்து, எக்ஸ்போர்ட் பண்ணி, பென் டிரைவ்ல ஏத்தி வீட்டு டிவில பாத்தேன். கம்ப்யூட்டர் திரைல பாத்து முடிவு பண்ணாதீங்க, டிவி தான் பொய் சொல்லாது.

நான் எதுல வந்து நின்னேன்னு அப்புறம் சொல்றேன், முதல்ல உங்களுது வரட்டும்.

பண்ருட்டி_ஸ்டுடியோ

தம்பி நல்ல விஷயம் ஆரம்பிச்சிருக்கீங்க. நான் கல்யாண வீடியோ எடிட்டிங் தான் தொழிலே. திருவந்திபுரத்துல பெரிய முகூர்த்த நாள்ல மலை மேல எத்தன கல்யாணம் நடக்கும்னு உங்களுக்கே தெரியும், அந்த நெரிசல்ல ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு மூணு கேமரா ஓடும், ஒண்ணு ஏவிசிஹெச்டி, ஒண்ணு வேற ஃபார்மட்டு, எல்லாம் ஒரே டைம்லைன்ல வந்து விழும். எங்க லைன்ல பாதிப் பேரு எடியஸ் வெச்சிருக்கறதுக்குக் காரணமே இது தான். முதல்ல ஜப்பான் கனோபஸ் கம்பெனி பண்ணது, அப்புறம் கிராஸ் வேலி கைக்குப் போச்சு. வேற வேற ஃபார்மட்ட கலந்து போட்டாலும் மாத்தாமலே ஓட்டும், இன்டர்லேஸ் வீடியோவ இன்டர்லேஸாவே வெச்சு வேலை பண்ணும், பெரிய கிராஃபிக்ஸ் கார்டும் கேக்காது, ப்ராசஸர் நல்லா இருந்தா போதும். விண்டோஸ்ல மட்டும் தான்.

மெஷின் ரொம்பப் பழசா இருந்தா எல்லாத்தையும் முதல்ல எடியஸோட சொந்த ஃபார்மட்டான ஹெச்கியூஎக்ஸ்க்கு மாத்திட்டு எடிட் பண்ணுவோம். அதுல ஒவ்வொரு ஃபிரேமும் தனி, அதனால வெட்டறதுக்கு லேசு, எடம் மட்டும் பல மடங்கு புடிக்கும்.

இன்னொண்ணு சொல்லணும், ஃபீல்டு ஆர்டர், அதாவது ரெண்டு பாதிப் படத்துல எது முதல்ல வருதுங்கறது. ஹெச்டில அப்பர் ஃபீல்டு முதல்ல, பழைய டிவி (DV) கேமரா டேப்புல லோயர் ஃபீல்டு முதல்ல. அப்பா அம்மா கல்யாண டேப்ப எடுத்துட்டு வந்து புள்ளை கல்யாண வீடியோல சேக்கச் சொல்லுவாங்க, ஆர்டர் மாத்தாம போட்டா ஆளு நடக்கறப்ப முன்னயும் பின்னயும் உதறும். ஹெச்டிவி (HDV) கேமரா டேப்பா இருந்தா அது 1440க்கு 1080, பிக்சல் அகலத்த சரியா செட் பண்ணலனா மூஞ்சி ஒல்லியாயிடும். ப்ராஜெக்ட் செட்டிங்க்ஸ்ல நேரம் செலவு பண்றவங்களுக்கு அப்புறம் ராத்திரி முழுக்க உக்கார வேண்டி வராது.

அப்புறம் கிராக் வெர்ஷன் பக்கம் தயவுசெஞ்சு போவாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்டுடியோல அப்படிப் போட்டு, வைரஸ் வந்து ஹார்டு டிஸ்க்ல இருந்த கஸ்டமர் வேலை அத்தனையும் போச்சு. ஒரு குடும்பத்துக்குத் தாலி கட்டின வீடியோ இல்லன்னு சொல்றது எவ்ளோ கொடுமைனு அனுபவிச்சவங்களுக்குத் தான் தெரியும்.

பாகூர்_அம்மா

வணக்கம். நான் தொழில்காரி இல்ல, என் பொண்ணு பரதநாட்டிய அரங்கேற்றம் வீடியோவுக்காக இதுல எறங்கினவ. ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிறுத்தாம எடுத்தது. எங்க சொந்தக்காரப் பையன் கார்டுக்குள்ள போயி, பிரைவேட், ஏவிசிஹெச்டி, பிடிஎம்வி, ஸ்ட்ரீம்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணா ஃபோல்டர் இருக்குமே, அதுல கடைசில இருக்கற எம்டிஎஸ் ஃபைல மட்டும் காப்பி பண்ணிக் குடுத்துட்டு கார்ட ஃபார்மட் பண்ணிட்டான். எடிட் பண்ண உக்காந்தா, ஒரு ஃபைல் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கற எடத்துல சத்தம் ஒரு துளி விட்டுப் போவுது. பேச்சா இருந்தா யாருக்கும் தெரியாது. வர்ணத்துல ஜதி நடுவுல தாளம் தப்பினா சங்கீதம் தெரிஞ்ச எல்லாருக்கும் உறுத்தும், குரு பாத்தா என்ன சொல்லுவாங்கனு என் பொண்ணு அழுதுட்டா. இதுக்கு வழி இருந்தா சொல்லுங்க.

முதலியார்பேட்டை_லினக்ஸ்

அம்மா கவலப்படாதீங்க, ஃபைலுங்க இருக்குதில்ல, அது போதும். கேமரா அத 2 ஜிபி இல்லனா 4 ஜிபி வந்ததும் தானா பிரிக்குது, 24 எம்பிபிஎஸ்னா 2 ஜிபிக்கு 11 நிமிஷம் மாதிரி வரும். உள்ள ஓடறது ஒரே ஓட்டம் தான், நடுவுல எதுவும் அழியல. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்ல காப்பி கட்டளையோட ஸ்லாஷ் பி போட்டு, ஃபைல் பேருங்களுக்கு நடுவுல ப்ளஸ் குறி வெச்சு, கடைசில புது பேரு குடுங்க, அப்படியே ஒட்டிடும், தரம் துளி கொறையாது. ஃபைல வரிசையா குடுக்கணும், அது ஒண்ணு தான் முக்கியம். ஒட்டினதுக்கப்புறம் அந்த ஒரே ஃபைல எடிட்டர்ல போடுங்க.

இனிமே எடுக்கறப்ப கார்டுல இருக்கற ஃபோல்டர் அமைப்ப முழுசா, ஒண்ணையும் கலைக்காம காப்பி பண்ணி வெச்சுக்கங்க. பிரீமியர் ப்ரோல மீடியா பிரவுசர் வழியா எடுத்தா பிரிஞ்ச ஃபைல ஒரே கிளிப்பா காமிக்கும், மேக்ல ஐமூவி, ஃபைனல் கட் ப்ரோ ரெண்டும் அந்த முழு அமைப்பத் தான் எதிர்பாக்கும்.

என் கதை என்னன்னா, நான் வெச்சிருக்கறது பழைய லேப்டாப், லினக்ஸ், செலவு பண்ண வசதி இல்லாத காலேஜ் காலத்துலருந்து கேடென்லைவ் தான். இலவசம், விண்டோஸ்லயும் ஓடும். அதுல ப்ராக்ஸின்னு ஒரு வசதி, பெரிய கிளிப்புக்கு பதிலா சின்னதா ஒரு நகல் பண்ணிக்கும், நாம அதுல வெட்டுவோம், முடிஞ்ச வீடியோவ ஃபைலா எடுக்கற கடைசி ரெண்டர்ல அசல் கிளிப்ப எடுத்துக்கும். வைத்திக்குப்பத்துல எடுத்த மாசி மகம் வீடியோ முழுக்க நான் அந்த லேப்டாப்புலயே முடிச்சேன், கூட்டத்துல ஒரு கோடு இல்ல. ப்ராஜெக்ட் ஆரம்பிக்கறப்பவே 1080 ஐ 25 ப்ரொஃபைல் எடுக்கறதா, இல்ல 50 பி (செகண்டுக்கு 50 முழுப் படம்) எடுக்கறதானு மட்டும் தெளிவா இருங்க.

டாவின்சி ரிசால்வ் பத்தி எல்லாரும் கேப்பாங்க. கலர் கரெக்‌ஷனுக்கு அதோட இலவசப் பதிப்பே பிரமாதம், பிளாக்மேஜிக் 2009ல டாவின்சிய வாங்கினாங்க, இன்னைக்கி சினிமால கலர் வேலை நெறைய அதுல தான். ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு போங்க: நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கண்டிப்பா வேணும், லினக்ஸ்ல இலவசப் பதிப்பு எச்.264 எடுக்காது. அப்ப எஃப்எஃப்எம்பெக்ங்கற இலவச மாத்தற டூல்ல, வெட்டறதுக்கு லேசான டிஎன்எக்ஸ்ஹெச்டி ஃபார்மட்டுக்கு மாத்தணும், 120 எம்பிபிஎஸ்னா ஒரு மணி நேரத்துக்கு 54 ஜிபி. ஹார்டு டிஸ்க் எடம் இருக்கானு பாத்துக்கங்க.

பாகூர்_அம்மா

தம்பி ஒட்டிட்டேன்! ஹெட்போன் போட்டு திரும்பத் திரும்பக் கேட்டாச்சு, ஜதி அப்படியே வருது. நீ நல்லாருக்கணும்ப்பா. இப்ப ஷாட்கட்ங்கற இலவச எடிட்டர்ல போட்டிருக்கேன், அதுல எடிட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தவானு அதுவே கேக்குது, ஆமான்னு குடுத்தேன், லேசா ஓடுது.

அரியாங்குப்பம்

எனக்கு எடிட்டிங்கே வேணாம், முன்னயும் பின்னயும் வெட்டிட்டா போதும். லாஸ்லெஸ்கட் போட்டேன், மறுபடி என்கோட் பண்ணாம வெட்டுது, நிமிஷத்துல முடிஞ்சுது. முழு ஃபிரேம் இருக்கற எடத்துல தான் சுத்தமா வெட்டும், அது ஒண்ணு தான். இது மாதிரி வேலைக்கு பெரிய சாஃப்ட்வேர் தேவையே இல்லங்க.

ஒரு டவுட்டு, வேற ஒரு எடிட்டர்ல போட்டா படம் வருது சத்தம் வரல, ஏன்?

கடலூர்_அலை

அரியாங்குப்பம் சார், உங்க கேமரா சத்தத்த டால்பி டிஜிட்டல்ல, அதாவது ஏசி-3ல பதிவு பண்ணிருக்கும். அத எடுக்கற டீகோடர் எல்லா சாஃப்ட்வேர்லயும் இருக்காது. படத்தத் தொடாம சத்தத்த மட்டும் பிசிஎம்முக்கு, அதாவது சுருக்காத சத்தமா, மாத்திக்கங்க, எஃப்எஃப்எம்பெக்ல சீக்கிரம் ஆயிடும். பிசிஎம்ம எம்ஓவி ஃபைலா வெச்சா பிரச்சன வராது.

பண்ருட்டி அண்ணன் சொன்ன ஃபீல்டு ஆர்டர் விஷயம் இதுவரைக்கும் எனக்கு யாரும் இவ்ளோ தெளிவா சொன்னதில்ல, ரொம்ப நன்றிண்ணா.

என் முடிவு இது தான். தொழிலா பண்ணா நானும் எடியஸ்க்கு தான் போயிருப்பேன், அண்ணன் சொல்றதுல ஒரு வார்த்த தப்பில்ல. எனக்கு வருஷத்துக்கு கொஞ்ச வேலை, அதனால வெட்டி ஒட்டறது கேடென்லைவ்ல, தானே புயல் கிளிப்புக்கு மட்டும் கலர் சரி பண்ண ரிசால்வ், அன்னைக்கி வானம் முழுக்க சாம்பலா இருந்ததால எல்லாம் மங்கலா வந்திருக்கு. ரெண்டுக்கும் போறதுக்கு முன்னாடி டீஇன்டர்லேஸ் பண்ணிக்கறேன், எஃப்எஃப்எம்பெக்ல பிடபிள்யூடிஃப் ஃபில்டர், 50 பாதிப் படத்தயும் 50 முழுப் படமா ஆக்கிடுது. 25 ஆக்கினா அலை வெட்டி வெட்டி வருது, 50ல வெச்சா பீச்சுல நின்னு பாத்த ஓட்டம் அப்படியே இருக்கு. யூடியூபுல ஏத்தறவங்களுக்கும் இது அவசியம், அவங்களே இன்டர்லேஸ் எடுத்துட்டு ஏத்தச் சொல்றாங்க. அசல் கார்டு நகல் மட்டும் தனி டிஸ்க்ல ரெண்டு எடத்துல அப்படியே இருக்கு, அதுல கை வெக்கறதில்ல.

அடுத்தது ஒரு வேலை இருக்கு. 2011க்கு அப்புறம் வந்த கேமராங்கள்ல 28 எம்பிபிஎஸ்ல 50 பி வந்துச்சு, அதுல வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர் எடுத்தவரு ஒருத்தர் எனக்குக் கார்டு குடுத்திருக்காரு, என்கிட்ட இருக்கற அதே தேர் 50 ஐ. ரெண்டையும் ஒண்ணா வெச்சா ராத்திரி காட்சில ஒண்ணு கூர்மையா, ஒண்ணு கொழகொழன்னு தெரியுது. இத யாராச்சும் சரி பண்ணிருந்தா எந்த ஃபில்டர், எவ்ளோ அளவுனு எழுதுங்க.